பாய்மரத்தைக் கண்டால் ஊரைச் சொல்லலாம்

தமிழர்கள் கடலோடிகள் என்று சொல்லாத மேடை இல்லை. ராஜேந்திர சோழன் 1025ஆம் ஆண்டு கடாரத்தின்மீது கடற்படை அனுப்பிய செய்தி பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அந்தக் கலம் எப்படி இருந்தது? அதற்குப் பாய்மரம் எத்தனை? பாய் சதுரமா, முக்கோணமா? பெரும்பாலும் மௌனமே பதிலாக வரும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு வென்ற ஊர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்கிறது. கலங்களின் வடிவத்தைச் சொல்லவில்லை. அதனால் சோழர் கப்பலை வரையும் ஓவியர்கள் ஐரோப்பியக் கப்பலின் சாயலிலேயே வரைந்துவிடுவதும் உண்டு.

பெருமை இருக்கிறது, விவரம் இல்லை. இந்தக் குறையைப் பேசுவதற்குச் சிங்கப்பூரைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. நூறாண்டுக்கும் மேலாக இந்தத் துறையில் சீனக் கப்பலும் பூகிஸ் படகும் மலாய்ப் பெராகுவும் தமிழர் ஏறிவந்த கப்பலும் ஐரோப்பியரின் பெருங்கப்பலும் ஒரே நீரில் நங்கூரமிட்டு நின்றன. கரையில் நின்ற அனுபவசாலிக்குக் கொடியைப் பார்க்கத் தேவையில்லை. அடிவானத்தில் பாய்மரம் தெரிந்தாலே போதும். எத்தனை மரம், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, பாய் எந்த வடிவம் என்பதைக் கொண்டு அது எந்த ஊர்க் கலம் என்று சொல்லிவிடலாம். பாய்மரம் ஒரு கலத்தின் முகவரி.

பாய் என்றால் பாய்தான்

முதலில் சொல்லைப் பார்ப்போம். நாம் படுக்கும் பாய்க்கும் கப்பலில் கட்டும் பாய்க்கும் தமிழில் ஒரே சொல். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பருத்தித் துணியும் கித்தானும் பரவலாகும் முன்பு, உலகின் பல கரைகளில் கோரையையும் ஓலையையும் முடைந்து செய்த பாயைத்தான் மரத்தில் கட்டினார்கள். இந்தோனீசியத் தீவுகளில் பாய்நெசவுப் பாய்கள் மிக அண்மைக் காலம்வரை புழக்கத்தில் இருந்தன.

சங்கத் தமிழில் பாய்மரத்துக்குக் ‘கூம்பு’ என்றும் பாய்க்கு ‘இதை’ என்றும் சொற்கள் உண்டு. மேலே கட்டும் பாய்க்கு ‘மீப்பாய்’ என்று தனிப்பெயரே இருந்தது. மேல்பாய்க்குத் தனிப்பெயர் வைத்திருந்தார்கள் என்றால், ஒன்றுக்கு மேற்பட்ட பாய் கட்டும் வழக்கத்தை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள் என்றுதானே பொருள்? இன்று மலாய் மொழியில் கப்பலைக் ‘கப்பால்’ என்கிறார்கள். அது தமிழிலிருந்து சென்ற சொல். ஆங்கிலேயர் ‘கட்டுமரம்’ என்ற சொல்லைத் தங்கள் மொழிக்கு எடுத்துச் சென்றனர். பிற்காலத்தில் இரண்டு உடல்களை இணைத்த படகுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டனர். நம் கட்டுமரமோ, மரத்தண்டுகளை அருகருகே வைத்துக் கயிற்றால் கட்டிய தெப்பம்.

எத்தனை மரம், ஏன்?

ஒரு கலத்துக்கு ஒரு பாய்மரமா, இரண்டா, மூன்றா என்பதை அழகுக்காக யாரும் முடிவு செய்வதில்லை. மூன்று கணக்குகள் அதற்குப் பின்னால் உள்ளன. காற்று, ஆள், சரக்கு ஆகியவையே அவை.

சதுரப் பாய் பின்காற்றில் நன்றாக ஓடும். காற்று முதுகுப்புறத்திலிருந்து தள்ளினால் அதற்கு நிகரில்லை. ஆனால் காற்று வரும் திசையை நோக்கிப் போக வேண்டும் என்றால் சதுரப் பாய் திணறும். அப்போது கலத்தின் நீளவாக்கில் கட்டும் முக்கோணப் பாய் போன்றவை உதவும். கலம் நேராகப் போகாமல் இடமும் வலமுமாக வளைந்து வளைந்து காற்றை எதிர்த்து முன்னேறும்.

அடுத்தது ஆள்பலம். ஒரே மரத்தில் மிகப் பெரிய பாயைக் கட்டினால் அதை ஏற்றவும் இறக்கவும் ஏராளமான ஆட்கள் வேண்டும். திடீரென்று காற்று வலுத்தால் அந்தப் பாயே கலத்தைக் கவிழ்த்துவிடும். அதே பரப்பை இரண்டு, மூன்று மரங்களில் பிரித்துக் கட்டினால் ஒவ்வொரு பாயும் சிறியதாகிறது. குறைந்த ஆட்கள் போதும். புயல் வந்தால் ஒரு பாயை இறக்கிவிட்டு மற்றதை வைத்துச் சமாளிக்கலாம். பின்மரத்தில் உள்ள சிறிய பாய் சுக்கானுக்குத் துணையாக நின்று கலத்தின் முகத்தைத் திருப்பவும் உதவும்.

மூன்றாவது சரக்கு. மரக்கட்டைகளை ஏற்றும் கலத்துக்கும் மிளகு மூட்டை ஏற்றும் கலத்துக்கும் மீன்பிடிக்கும் படகுக்கும் தேவைகள் வேறு. பாய்மரத்தின் அடி நிற்கும் இடத்தில் சரக்கு வைக்க முடியாது. எனவே மரத்தை எங்கே நடுவது என்பதே ஒரு வணிக முடிவாகிவிடுகிறது.

தமிழ்க் கரையின் சான்றுகள்

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஆண்ட சாதவாகன மன்னன் ஸ்ரீயக்ஞ சாதகர்ணியின் காசுகளில் இரண்டு பாய்மரக் கப்பல் பொறிக்கப்பட்டுள்ளது. சோழமண்டலக் கரையில் கிடைத்த பழங்காசுகள் சிலவற்றிலும் இரண்டு பாய்மரக் கலம் காணப்படுகிறது. அஜந்தாவின் 2ஆம் குகையில் மூன்று உயரமான பாய்களுடன் ஒரு கப்பல் தீட்டப்பட்டிருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில், வைகை கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே உள்ள அழகன்குளத்தில் கிடைத்த பானை ஓட்டில் ஒரு கப்பலின் கீறல் ஓவியம் உள்ளது. அது மூன்று பாய்மரம் கொண்ட ரோமானிய வகைப் பெருங்கப்பல் என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டனர். யாரோ ஒருவர் துறையில் நின்ற கப்பலைப் பார்த்துப் பானையில் கீறியிருக்கிறார். பார்த்தவர் பாய்மரங்களை எண்ணிப் போட்டிருக்கிறார் என்பதுதான் இங்கே முக்கியம்.

கடலோரத்து எளிய கலங்களிலும் இந்தக் கணக்கைக் காணலாம். கட்டுமரத்தில் நிலையான பாய்மரம் கிடையாது. தேவையானபோது ஒரு கம்பை நட்டு முக்கோணப் பாயைக் கட்டுவார்கள், கரைக்கு வந்ததும் கழற்றிவிடுவார்கள். சென்னைக் கரையில் இருந்த மசூலாப் படகில் பாய்மரமே இல்லை. பலகைகளை ஆணி இல்லாமல் தேங்காய் நார்க்கயிற்றால் தைத்த படகு அது. கரையில் மோதும் பேரலையில் ஏறி இறங்குவது மட்டுமே அதன் வேலை. அதற்குத் துடுப்பு போதும்.

இதற்கு நேர்மாறானது அதிராம்பட்டினம், முத்துப்பேட்டைப் பக்கத்து ‘வத்தை’. பாக் நீரிணையின் ஆழமில்லாத நீரில் ஓடுவதற்காகத் தட்டையான அடியுடன் கட்டப்பட்டது. படகு பெரிதல்ல, ஆனால் அதற்கு மூன்று பாய்மரம்! தட்டை அடிப்படகு காற்றில் எளிதாகச் சாயும். அதனால் ஒரே உயரமான மரத்துக்குப் பதில் மூன்று மரங்கள். சாய்வைச் சமாளிக்கப் பக்கவாட்டில் நீட்டிய சமன்பலகை ஒன்றும் உண்டு. காற்றடிக்கும் பக்கத்தில் அந்தப் பலகையின்மேல் ஆட்கள் ஏறி நின்று படகை நிமிர்த்துவார்கள். 1990களில் வெளிநாட்டுக் கடல்சார் தொல்லியல் அறிஞர்கள் இந்தக் கரைக்கு வந்து வத்தையை அளந்து, வரைந்து, ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

யாழ்ப்பாணக் கரையின் வல்வெட்டித்துறைக்கு இன்னொரு சாதனை உண்டு. அங்கே கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற 89 அடிக் கப்பலுக்கு இரண்டு பாய்மரம். முன்மரத்தில் குறுக்குப் பாய்கள், பின்மரத்தில் நீளவாக்குப் பாய். பின்காற்றுக்கு ஒன்று, பக்கக்காற்றுக்கு ஒன்று என இரண்டின் பலனையும் சேர்த்துப் பெறும் அமைப்பு இது. அந்தக் கப்பலை அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதை அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் கொண்டுசென்று, 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். இயந்திரக் கப்பல்கள் உலகை ஆண்ட காலத்தில் நடந்த பயணம் இது.

காற்று எழுதிய நாள்காட்டி

இனிச் சிங்கப்பூருக்கு வருவோம். இந்தத் தீவின் செல்வத்துக்கு அடிப்படை, இரண்டு பருவக்காற்றுகள் சந்திக்கும் இடத்தில் அது அமைந்திருப்பதே. வடகிழக்குக் காற்று வீசும் ஆண்டின் தொடக்க மாதங்களில் சீனக் கப்பல்கள் தெற்கே இறங்கிவரும். தென்மேற்குக் காற்று தொடங்கியதும் அவை வீடு திரும்பும். அதே தென்மேற்குக் காற்று இந்தியக் கரையிலிருந்து கலங்களைக் கிழக்கே தள்ளிவரும். செப்டம்பர், அக்டோபரில் கிழக்குத் தீவுகளிலிருந்து பூகிஸ் வணிகர்களின் படகுக்கூட்டம் வரும். யாழ்ப்பாணத்துக் கடலோடி வாடை, சோழகம், கொண்டல், கச்சான் என்று நான்கு காற்றுக்கும் பெயர் வைத்து அழைத்ததற்குக் காரணம், அவரது ஆண்டுக் கணக்கே அதில் அடங்கியிருந்ததுதான்.

காற்று மாறும்வரை காத்திருக்க வேண்டும் என்பதால் மாலுமிகள் மாதக்கணக்கில் தங்கினார்கள். தங்கியதால் கடை வந்தது, வழிபாட்டிடம் வந்தது, குடும்பம் வந்தது. இந்த ஊரின் பல இனத் தன்மைக்குக் காற்றும் ஒரு காரணம் என்றால் அது மிகையாகாது.

விசிறியும் திரைச்சீலையும்

சீனாவின் ஷியாமென் துறையிலிருந்து முதல் பெரிய சீனக் கப்பல் 1821ஆம் ஆண்டு சிங்கப்பூர் வந்தது. இந்தக் கப்பல்களுக்குப் பெரும்பாலும் மூன்று பாய்மரம். நடுமரம் உயரமானது, முன்மரம் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும், பின்மரம் சிறியது. பாயின் குறுக்கே மூங்கில் கழிகள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். கயிற்றைத் தளர்த்தினால் பாய் ஓலை விசிறிபோல மடிந்து கீழே இறங்கிவிடும். யாரும் மரத்தில் ஏற வேண்டியதில்லை. அவ்வளவு பெரிய கப்பலைக் குறைந்த ஆட்களைக் கொண்டு ஓட்ட முடிந்ததன் மர்மம் இதுதான். கப்பலின் முகப்பைச் சிவப்பாகவோ பச்சையாகவோ தீட்டி, எந்த வட்டாரத்துக் கப்பல் என்று காட்டுவதும், கண்கள் வரைவதும் அவர்கள் வழக்கம்.

பூகிஸ் மக்களின் கதை வேறு. டச்சுக்காரர்களுடன் ஏற்பட்ட பூசலுக்குப் பிறகு ரியாவிலிருந்து சுமார் 500 பூகிஸ் மக்கள் 1820ஆம் ஆண்டு இங்கே வந்து குடியேறினர். ரோச்சோர், காலாங் ஆற்று முகங்கள் அவர்களின் இடமாயின. இன்று தேக்காவிலிருந்து சுங்கை ரோட்டுப் பக்கம் நடந்தால் ரோச்சோர் கால்வாய் வரும். அந்தக் கால்வாயின் நீர் காலாங் படுகையில்தான் சேர்கிறது. லிட்டில் இந்தியாவுக்கு இத்தனை அருகில் ஒரு காலத்தில் பாய்மரக் காடே இருந்தது. பூகிஸ் ரயில் நிலையத்தில் இறங்கும் இளைஞர்களில் எத்தனை பேர் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கப்பல்கூட்டம் இருப்பதை நினைக்கிறார்கள்?

பூகிஸ் மக்களின் பழைய வணிகக் கலத்தில் பாய்மரம் ஒரே தண்டாக நிற்காது. மூன்று கழிகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, முக்காலிபோல நிறுத்துவார்கள். இதற்கு இழுத்துக் கட்டும் கயிறுகள் அதிகம் தேவையில்லை. முன்காலை விடுவித்தால் மரத்தைச் சாய்த்துவிடலாம். ஜாவாவின் போரோபுதூர்ச் சிற்பங்களில், ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன்பே, இத்தகைய கால்மரங்களைக் கொண்ட கப்பல்கள் செதுக்கப்பட்டுள்ளன.

பிற்காலத்தில் அவர்கள் மேற்கத்தியப் பாய் அமைப்பைக் கண்டு தங்களுக்கேற்ப மாற்றிக்கொண்டனர். இரண்டு பாய்மரம், ஏழு பாய். இதுவே ‘பினிசி’. பினிசி என்பது முதலில் படகின் பெயரன்று, பாய் அமைப்பின் பெயர். மேற்குக் கப்பலில் பாயைத் தாங்கும் சாய்கழியை இறக்கிப் பாயைச் சுருட்டுவார்கள். பினிசியில் கழி அப்படியே நிற்கும், பாயை மட்டும் திரைச்சீலைபோல மரத்தின் பக்கம் இழுத்துச் சேர்ப்பார்கள். அயலாரிடம் வாங்கியதைத் தமதாக்கும் திறமை இது. தெற்குச் சுலாவேசியின் இந்தப் படகுக் கலையை யுனெஸ்கோ 2017ஆம் ஆண்டு மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஆற்றுக்குள் நுழையாத கப்பல்

இந்தத் துறையில் தமிழர் எங்கே? இந்தக் கேள்விக்கான விடை ஆற்றின் ஆழத்தில் இருக்கிறது.

புறநானூற்றின் 30ஆம் பாட்டு சோழர் துறைமுகத்தைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்கிறது. பாய்மரத்தையும் மேல்பாயையும் இறக்காமல், சரக்கின் சுமையையும் குறைக்காமல் பெருங்கலங்கள் ஆற்றுமுகத்தில் நுழைந்தனவாம். துறையின் ஆழத்துக்கு அதைவிடச் சிறந்த பாராட்டு இல்லை.

சிங்கப்பூர் ஆறு அப்படிப்பட்டதன்று. வாய் குறுகியது, மணல் நிறைந்தது. பெரிய கப்பல்கள் வெளியே நின்றுவிடும். அவற்றின் சரக்கைச் சிறு படகுகளில் இறக்கி ஆற்றுக்குள் கொண்டுவந்து கிடங்குகளில் சேர்க்க வேண்டும். அந்தப் படகுகள் இல்லாவிட்டால் துறைமுகமே இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் படகுகளை ஓட்டியவர்களில் பெரும்பாலோர் தென்னிந்தியர். குறிப்பாகச் சூலியா என்று இங்கே அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்கள். 1822ஆம் ஆண்டின் நகரத் திட்டத்தில் சூலியா கம்போங்கிற்கு ஆற்றோரத்தில் இடம் ஒதுக்கப்பட்டதும், கிளிங் ஸ்திரீட் என்றிருந்த தெரு பின்னாளில் சூலியா ஸ்திரீட் ஆனதும் ஆற்றுக்கு அருகிலேயே நடந்தன.

இவர்கள் திடீரென்று முளைத்தவர்களும் அல்லர். பினாங்கை நிறுவிய பிரான்சிஸ் லைட் 1794ஆம் ஆண்டு எழுதிய குறிப்பில், சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் கப்பல்களில் வந்துபோவதாகச் சொல்கிறார். சிங்கப்பூருக்கு 1819 மே மாதம் நாராயண பிள்ளை ‘இந்தியானா’ கப்பலில் ராஃபிள்ஸுடன் வந்ததை நாம் மறக்காமல் நினைவுகூர்கிறோம். அது வேண்டியதுதான். ஆனால் வந்திறங்கியவர்களின் வரலாற்றை எழுதிய அளவுக்கு, அவர்களின் மூட்டைகளைக் கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுவந்த படகோட்டியின் வரலாற்றை நாம் எழுதவில்லை.

அந்தப் படகோட்டிகளோடு சேர்ந்து வளர்ந்ததுதான் ‘தொங்கான்’. மலாயில் தொங்காங் என்பதைத் தமிழர் தங்கள் நாவுக்கு ஏற்பத் தொங்கான் ஆக்கிக்கொண்டனர். கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் தொங்கானும் உண்டு, அக்கரைத் தீவுகளுக்கும் மலாயா ஊர்களுக்கும் சென்று மரக்கட்டையும் கரியும் ஏற்றிவரும் பெரிய தொங்கானும் உண்டு. பெரியதற்குப் பொதுவாக இரண்டு பாய்மரம். முன்னால் உள்ளது பெரியது, பின்னால் உள்ளது சிறியது. மூக்குக்கழியில் முக்கோணப் பாயும் இருக்கும். கனத்த உடல், அகன்ற வயிறு, ஆனால் பாய்களைச் சிலரே சமாளிக்கலாம். ஆள்கூலியை மிச்சப்படுத்த வேண்டிய வணிகரின் கணக்கு அந்த இரண்டு மரங்களில் தெரிகிறது. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ நாவலைப் படித்தவர்களுக்குத் தொங்கான் என்ற சொல் புதிதல்ல.

ஆற்றுப் படகுகளின் தலையெழுத்தைப் பாலங்களும் மாற்றின. கவெனா பாலம் 1869இல் கட்டி முடிக்கப்பட்டபோது அது தாழ்வாக இருந்தது. நீர் ஏறியிருக்கும் நேரத்தில் படகுகள் அடியில் நுழைய முடியாமல் வற்றும்வரை காத்துக்கிடந்தன. பாலத்தின் அடியில் போக வேண்டிய படகில் நிமிர்ந்த பாய்மரத்துக்கு இடமில்லை. நகரம் உயர உயர, பாய்மரம் தாழ வேண்டியதாயிற்று. காலப்போக்கில் ஆற்றுப் படகுத்தொழிலில் சீனர்களின் ‘துவாகோ’ படகுகள் மேலோங்கின. தமிழர்கள் தொங்கான்களோடு விலகினர்.

மினாராவில் ஏறும் பாய்மரம்

கடலோடியின் நம்பிக்கையிலும் பாய்மரத்துக்கு இடமுண்டு. நாகூர் தர்காவின் கந்தூரி விழாவில் ஐந்து மினாராக்களிலும் பாய்மரம் ஏற்றும் சடங்கு இன்றும் நடக்கிறது. அதன் பின்னரே கொடியேற்றம். நாகப்பட்டினத்திலிருந்து கொடி வருவதோ கப்பல் வடிவ ரதத்தில்! கடலோடு வாழ்ந்த மக்களின் வணிக வாழ்க்கையும் வழிபாடும் எப்படிக் கலந்திருந்தன என்பதற்கு இதைவிட வெளிப்படையான அடையாளம் தேவையில்லை.

அந்த நாகூரின் நினைவாகத் தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் 1828க்கும் 1830க்கும் இடையே எழுந்ததுதான் சிங்கப்பூரின் நாகூர் தர்கா. இப்போது அங்கே இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையம் இயங்குகிறது. இன்று அதைச் சுற்றி வானுயர்ந்த கட்டடங்கள். அன்று அந்தத் தெருதான் கடற்கரை. கடல் தூர்க்கப்பட்டு நிலமானது பிற்பாடு. கரையிறங்கிய தமிழர் முதலில் நன்றி சொன்ன இடம் கரையிலேயே இருந்தது என்பதை இன்றைய தெருவில் நடந்தால் உணர முடியாது. அதை யாராவது சொல்லித்தர வேண்டும்.

போனது படகு மட்டுமா?

பாய்மரத்தை வீழ்த்தியது நீராவி. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் நீராவிக் கப்பல்களின் கை ஓங்கியது. காற்றுக்காகக் காத்திருக்கும் பழக்கம் முடிந்தது. 1906ஆம் ஆண்டு வ.உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியபோது அவர் நாடியதும் நீராவியைத்தான். ஆங்கிலேயரோடு போட்டியிடப் பாய்மரம் போதாது என்பதை அவர் அறிந்திருந்தார். பிறகு தமிழகத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்த ‘ரஜுலா’, ‘சிதம்பரம்’ ஆகியவையெல்லாம் இயந்திரக் கப்பல்கள்.

சிங்கப்பூரின் தொங்கான்களிலும் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மோட்டார் ஏறியது. பாய் இறங்கியது. 1977ஆம் ஆண்டு சிங்கப்பூர் ஆற்றைத் தூய்மைப்படுத்தும் திட்டம் தொடங்கியது. 1983ஆம் ஆண்டு சுமார் 800 சரக்குப் படகுகள் ஆற்றைவிட்டு வெளியேற்றப்பட்டன. 1987இல் ஆறு தூய்மையடைந்தது. அழுகிய நாற்றம் போய் மீன்கள் திரும்பிவந்த ஆறு எல்லாருக்கும் நன்மைதான். அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் படகு போனபோது படகோடு சேர்ந்த அறிவும் போனது. எந்தக் காற்றுக்கு எந்தப் பாயை இறக்குவது, மரத்தின் அடியை எப்படி இறுக்குவது, எந்தக் கயிறு முதலில் அறும் என்பதெல்லாம் ஏட்டில் இல்லை. கையில் இருந்தது. அந்தக் கைகள் ஓய்ந்தன.

இதற்கு ஒரு விதிவிலக்கு தூத்துக்குடி. பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் சரக்கு ஏற்றும் தோணிகள் இன்றும் உள்ளன. இயந்திரம் பொருத்தப்பட்டுவிட்டாலும் மரத்தால் கட்டும் கலையும் தண்டல் என்ற பதவிப்பெயரும் அங்கே உயிரோடு இருக்கின்றன.

கலம் கற்றுத்தந்த பாடம்

போன அறிவு எவ்வளவு விலைமதிப்புள்ளது என்பதைச் சிங்கப்பூரே ஒருமுறை நேரில் கண்டது. 1998ஆம் ஆண்டு இந்தோனீசியாவின் பெலிதுங் தீவருகே 9ஆம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அதிலிருந்த சுமார் 60,000 சீனப் பீங்கான் பொருள்களில் ஒரு பகுதியை ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் காணலாம். கப்பலோ அரபு வகை. ஆணியில்லாமல் கயிற்றால் தைக்கப்பட்டது, நம் மசூலாப் படகைப் போலவே.

அதைப் பின்பற்றி ஓமானில் ‘மஸ்கட்டின் மாணிக்கம்’ என்ற பொருள்பட்ட பெயருடன் 18 மீட்டர் நீளத்தில் ஒரு கலத்தைத் தைத்தார்கள். சதுரப் பாய் கட்டி, 2010 பிப்ரவரி 16ஆம் தேதி மஸ்கட்டிலிருந்து கிளப்பினார்கள். கொச்சி, காலி, பினாங்கு வழியாக ஜூலை 3ஆம் தேதி அது சிங்கப்பூர் வந்து சேர்ந்தது. ஓமான் அதைச் சிங்கப்பூருக்குப் பரிசாக அளித்தது. வழியில் நடந்ததுதான் பாடம். தைத்த உடல் கடலைத் தாங்கிற்று, பாய்மரம் தாங்கவில்லை. இலங்கையின் காலித் துறையில் கலத்தை நிறுத்தி, புதிய மரம் தேடி வெட்டிச் செதுக்கிப் பொருத்திய பின்னரே கிழக்கே புறப்பட முடிந்தது.

பாய்மரத்துக்கு ஏற்ற மரம் நேராக, நீளமாக, முடிச்சு குறைவாக, வளைந்தால் முறியாததாக இருக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் புன்னை இன மரங்கள் ஆங்கிலேயர் காலத்தில் கப்பல் பாய்மரங்களுக்குப் பெயர்பெற்றவை. புன்னை என்ற சொல்லே ‘பூன்’ என்று ஆங்கிலத்தில் ஏறிற்று. மலாய் நாட்டில் அதே இனத்து ‘பிந்தாங்கோர்’ மரத்தைப் பாய்மரத்துக்குப் பயன்படுத்தினார்கள். கடலின் இரு கரைகளிலும் இருந்த தச்சர்கள் ஒரே இன மரத்தைத் தேர்ந்திருக்கிறார்கள். காற்று கற்பித்த பாடம் இரு கரைக்கும் ஒன்றுதானே!

இன்று செய்யக்கூடியது

கடந்த காலத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் வேண்டாம். செய்யக்கூடிய காரியங்கள் சில உண்டு. துறைமுகத்திலும் படகிலும் வேலைசெய்த பெரியவர்கள் இன்னும் சில குடும்பங்களில் இருக்கிறார்கள். தாத்தா, நீங்கள் என்ன படகில் வேலை பார்த்தீர்கள், அந்தக் கயிற்றுக்கு என்ன பெயர் சொல்வீர்கள் என்று பேரப்பிள்ளைகள் கேட்க வேண்டும். கேட்டதைக் கைப்பேசியிலேயே பதிவு செய்து வைக்கலாம். தமிழாசிரியர்கள் ஒரு வகுப்பை ஆற்றங்கரையில் நடத்தலாம். நாகூர் தர்காவில் தொடங்கி, சூலியா ஸ்திரீட் வழியாக ஆற்றுக்கு வந்து, கவெனா பாலத்தைக் கடந்து ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் முடித்தால், நடந்தே இருநூறாண்டைப் பார்த்துவிடலாம்.

வீட்டில் பிள்ளைகள் கப்பல் வரையும்போது ஒரு நிமிடம் அருகில் உட்காருங்கள். பாய்மரம் எத்தனை போடப் போகிறாய், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேளுங்கள். அந்த இரண்டு கேள்விக்கும் விடை தேடும் பிள்ளை, கடல் கடந்த தமிழரைப் பற்றி மேடைப் பேச்சைவிட அதிகமாகத் தெரிந்துகொள்ளும்.